குளிர்காலத்தில் ஃபிராம் கப்பலைக் காணத் தனியே சென்ற அனுபவம்

ஓஸ்லோ நகரின் பிக்டோய் தீபகற்பத்தில் இருக்கும் ஃபிராம் அருங்காட்சியகத்துக்குக் கோடையில் செல்வது வேறு, குளிர்காலத்தில் செல்வது வேறு. நான் புறப்படுவதற்கு முன் படித்த பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை கோடையில் சென்றவர்கள் எழுதியவை. நகராட்சி மண்டபத்தின் எதிரிலுள்ள படகுத் துறையில் ஏறினால் சிறிது நேரத்தில் அருங்காட்சியகத்தின் வாசலில் இறங்கிவிடலாம் என்றே அவை அனைத்தும் சொல்லின. பிப்ரவரித் தொடக்கத்தில் அலுவலகப் பயிற்சிக்காக ஓஸ்லோ சென்றிருந்த நான், பயிற்சி முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் கிடைத்த ஒரே ஓய்வு நாளை இந்த அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கியிருந்தேன். அந்த நாளின் பாதி வீணானது, பணம் போனது, முழங்காலில் அடிபட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக நான் பார்க்க ஆசைப்பட்ட கப்பலின் அடித்தளத்தைப் பார்க்க முடியாமல் போனது. எனக்குப் பின் செல்கிறவர்களுக்கு இவற்றில் எதுவும் நேரக் கூடாது என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

துருவப் பயணக் கப்பல்களின் மீது எனக்குப் பள்ளிக் காலம் முதல் தீராத ஆர்வம் உண்டு. தென் துருவத்தை முதலில் அடைந்தவர் அமுண்ட்சன் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போய்விடும். அவரை அண்டார்டிக்காவின் விளிம்புவரை கொண்டுசேர்த்த ஃபிராம் என்ற அதே மரக்கப்பல், அதற்கு ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே வட துருவக் கடலின் பனியில் மாட்டிக்கொள்வதற்கென்றே கட்டப்பட்டது என்பதும், அது இன்றும் முழுமையாக நிற்கிறது என்பதும், அதன் மீது ஏறி உள்ளே நடக்கலாம் என்பதும் பின்னாளில் தெரிந்தபோது, ஒரு முறையாவது அதைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே, சுற்றுலாச் சீட்டுகளை விற்கும் ஒரு இணையதளத்தில் ஒருங்கிணைந்த சீட்டு ஒன்றை வாங்கினேன். படகுப் பயணம், ஃபிராம் அருங்காட்சியகம், வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். நான் செல்லும் தேதியைக் கேட்டுப் பெற்றுக்கொண்டுதான் பணத்தையும் எடுத்தார்கள். நம் மதிப்பில் ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் புதிய கட்டடத்துக்காக 2022 முதலே மூடப்பட்டிருக்கிறது என்பதையும், பிக்டோய் செல்லும் படகு குளிர்காலத்தில் ஓடுவதில்லை என்பதையும் அந்தத் தளம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ஃபிராம் அருங்காட்சியகத்தின் சீட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலோ நேரில் வாசலிலோ வாங்குங்கள். ஒரே நாளில் பல இடங்களைப் பார்க்கும் எண்ணம் இருந்தால், நகரத்தின் அதிகாரப்பூர்வமான ஓஸ்லோ பாஸ் வாங்குவது நல்லது. ஃபிராமுக்கான நுழைவும் நகரப் பேருந்து, டிராம் பயணமும் அதில் அடங்கிவிடும். இடைத்தரகர்களின் ஒருங்கிணைந்த சீட்டில் கிடைக்கும் தள்ளுபடி, அதில் உள்ள எல்லா இடங்களும் அந்த நாளில் திறந்திருந்தால்தான் தள்ளுபடி.

அன்று காலை நேரத்தோடு துறைக்குப் போய்விட்டேன். கடற்காற்று முகத்தை அறுத்தது. துறையில் படகுகள் வருவதும் போவதுமாக இருந்ததால், எனக்குரிய படகும் வந்துவிடும் என்று காத்திருந்தேன். அவை ஓஸ்லோ கடற்கழியின் சிறு தீவுகளுக்குச் செல்லும் பொதுப் போக்குவரத்துப் படகுகள் என்பதும், அவை ஆண்டு முழுவதும் ஓடும் என்பதும், பிக்டோய் படகு இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை மட்டுமே ஓடும் தனிச் சேவை என்பதும், நெடுநேரம் நின்ற பிறகு ஒரு படகு ஊழியர் சொல்லித்தான் தெரிந்தது. கையுறைக்குள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. இணையதளத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தால் பதிவுசெய்யப்பட்ட குரல் மட்டுமே பேசியது. தெரிந்தவர் யாருமில்லாத ஊரில், கையில் செல்லாத சீட்டோடு நின்றுகொண்டிருக்கும்போது வரும் கோபம் வெகு விரைவில் அழுகையாக மாறிவிடுகிறது. ஒருவாறு அடக்கிக்கொண்டேன்.

குளிர்காலத்தில் பிக்டோய் செல்ல 30ஆம் எண் பேருந்துதான் வழி. நகர மையத்தில் தேசிய நாடக அரங்கின் அருகில் ஏறினால், பிக்டோய்னெஸ் நிறுத்தத்தில் இறங்கலாம். ஃபிராம், கோன்-டிக்கி, நார்வே கடல்சார் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பேருந்தில் ஏறும் முன்பே ஓஸ்லோ பொதுப் போக்குவரத்தின் ரூட்டர் செயலியில் பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் கடுமையானது. செயலியை ஊரிலேயே தரவிறக்கி, உங்கள் வங்கி அட்டை அதில் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். குளிரில் கையுறையைக் கழற்றி அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பது எளிதான காரியமன்று.

துறையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில்தான் விழுந்தேன். முந்தைய நாள் பகலில் சற்று உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து, நடைபாதையின் மீது கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாகக் கிடந்தது. தூவியிருந்த சரளைக் கற்கள் அந்த இடத்தில் மட்டும் இல்லை. நான் அணிந்திருந்தது நம் ஊரில் பனிப்பிரதேசக் காலணி என்று சொல்லி விற்றதுதான். குளிரைத் தாங்கியது, வழுக்கலைத் தாங்கவில்லை. இடது முழங்கால் நேராகத் தரையில் மோதியது. எழ முயன்றபோது மறுபடி வழுக்கியது. கறுப்பு மேலங்கி அணிந்த ஒரு பெண்மணி வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தயங்காமல் தமிழிலேயே பேசினார். "பிள்ளை, உந்தச் சப்பாத்தோட இஞ்ச நடக்கேலாது. அடியில முள்ளு மாட்ட வேணும். பாருங்கோ, என்ர காலை." தன் காலணியைத் தூக்கிக் காட்டினார். பாதத்தைச் சுற்றி இழுத்து மாட்டும் ரப்பர் பட்டை, அதன் அடியில் சிறு எஃகு முட்கள். "அக்கா, இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். "எல்லாக் கடையிலயும் இருக்கு. பிரொடர் எண்டு கேளுங்கோ. கடைக்குள்ள போகேக்கை மட்டும் கழட்டிப் போடுங்கோ, தரை பழுதாகிடும்." யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்லாண்டுகளாக ஓஸ்லோவில் வாழ்பவர், முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த கடைவரை என்னைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, முட்பட்டையை அவரே குனிந்து மாட்டிவிட்டுப் போனார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன். நவம்பர் முதல் மார்ச் வரை நார்வே செல்லும் எவரும் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தப் பட்டையை வாங்குவதுதான்.

அருங்காட்சியகத்தை அடையும்போது பிற்பகல் ஆகிவிட்டிருந்தது. என் கைப்பேசியிலிருந்த சீட்டை வாசலில் காட்டினேன். விற்ற நிறுவனத்திடமிருந்து அப்படி எந்தப் பதிவும் அவர்களுக்கு வந்திருக்கவில்லை. அங்கிருந்த பெண் மிகுந்த கனிவோடு பல முறை சரிபார்த்துவிட்டுக் கைவிரித்தார். மீண்டும் பணம் கட்டி உள்ளே போனேன். குளிர்காலத்தில் அருங்காட்சியகம் கோடையைவிடச் சீக்கிரம் மூடப்படும். எனக்குக் கிடைத்த நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. அந்த இடத்துக்கு அது எவ்வகையிலும் போதாது.

உள்ளே நுழைந்ததும் அதுவரை பட்ட பாடு எல்லாம் சில நிமிடங்களுக்கு மறந்துபோனது. கூரை இருபுறமும் தரைவரை சரிந்து இறங்கும் உயரமான முக்கோணக் கட்டடம் அது. கப்பலை 1935இல் கரையேற்றி நிறுத்திவிட்டு, அதன் மேலேயே கட்டடத்தை எழுப்பி, 1936 மே மாதத்தில் திறந்தார்கள். கட்டடத்துக்குள் வேறெதற்கும் இடமில்லை என்பதுபோலக் கப்பல் நிற்கிறது. நீளம் 39 மீட்டர். அகலமோ 11 மீட்டர். பிற கப்பல்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குட்டையாகவும் பருமனாகவும் தெரியும். கீழே நின்று அதன் வயிற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். பாதியாக உடைத்த தேங்காய் மூடியைப் போல அது உருண்டிருக்கிறது. பனி பற்றிக்கொள்ள எந்த விளிம்பும் இல்லை. இருபுறமும் பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே எழும்பிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. சுக்கானையும் உந்துவிசிறியையும்கூடப் பனி உடைத்துவிடாதபடி கிணறு போன்ற துளை வழியாக மேலே தூக்கிவிடலாம்.

இந்தக் கணக்கின் பின்னணியைத் தெரிந்துகொண்டு போனால் பார்வையின் இன்பம் பன்மடங்காகும். ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கியது. அதன் பொருட்கள் சில மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அப்படியானால் பனிப்பரப்பே துருவக் கடலைக் கடந்து நகர்ந்துகொண்டிருக்கிறது, அதில் ஒரு கப்பலை வேண்டுமென்றே உறையவிட்டால் அதுவும் நகரும் என்று நார்வேத் துருவ ஆய்வாளர் நான்சன் முடிவுகட்டினார். அனுபவமிக்க துருவப் பயணிகள் பலர் இதை ஏற்க மறுத்தார்கள். கப்பல் கட்டுநர் காலின் ஆர்ச்சர் நார்வேயின் லார்விக்கில் அந்தக் கப்பலைக் கட்டினார். 1892 அக்டோபரில் அது கடலில் இறங்கியது. பல ஆண்டுகள் உலரவிட்ட கருவாலி மரத்தில் சட்டங்களை அமைத்து, அவற்றின் மீது பலகைகளை அடுக்கடுக்காக அறைந்து, வெளிப்புறத்தில் பனியின் உராய்வைத் தாங்கும் கிரீன்ஹார்ட் மரத்தைப் போர்த்தினார்கள். 1893 ஜூனில் புறப்பட்டு, அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பனியில் உறைந்த கப்பல், நான்சன் சொன்னபடியே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நகர்ந்து, 1896 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே விடுபட்டது. சென்ற 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள். கப்பலை விட்டிறங்கி நாய்ச் சறுக்குவண்டிகளோடு துருவத்தை நோக்கி நடந்து, வட அட்சரேகை 86 பாகையைத் தாண்டி, ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் கல் குடிலுக்குள் ஒரு குளிர்காலத்தைக் கழித்த நான்சனும் யால்மார் யோஹான்சனும் நார்வேயின் வார்டோ துறையில் கால் வைத்ததும் அதே ஆகஸ்ட் 13 அன்றுதான். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எந்தச் செய்தியும் தெரியாத நிலையில் இது நடந்திருக்கிறது. அந்தத் தகவலைப் படித்தபோது உடல் சிலிர்த்தது.

மேல்தளத்துக்குச் செல்லும் பாலத்தின் வழியே கப்பலில் ஏறலாம். சுற்றிலும் உள்ள சுவர்களில் கடலும் பனியும் துருவ ஒளியும் ஒளிப்படமாக ஓடுகின்றன. தளம் அசைவதுபோல் தோன்றுகிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது. அங்கிருந்து கீழே இறங்கும் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஒவ்வொரு வாசலிலும் குளிர்காற்று தரையோடு புகாதபடி உயரமான நிலைப்படி இருக்கிறது. நடுவில் பொது அறை, அதைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். இந்த அமைப்பால் நடு அறையின் வெப்பம் வெளிச்சுவரைத் தொடுவதில்லை. சுவர்களுக்குள் தார்க் கம்பளம், தக்கை, கலைமான் முடி என்று பல அடுக்குகள். தளத்தில் காற்றாலை வைத்து மின்விளக்கு எரித்திருக்கிறார்கள். சில நூறு புத்தகங்கள் கொண்ட நூலகம் இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் நீளும் இருட்டில் மனம் உடையாமல் இருப்பதற்கும் ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பிய அந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் அறையின் நிலைப்படியில் குனிந்து உள்ளே பார்த்தேன். என் தோள் அகலத்தைவிடச் சற்றே பெரிய கட்டில், அதன் விளிம்புப் பலகையில் கை வைத்து வைத்துத் தேய்ந்த பளபளப்பு. எத்தனை பேர் அதைப் பிடித்து எழுந்திருப்பார்கள்!

அதற்குக் கீழே, கப்பலின் அடித்தளத்தில், பனியின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் குறுக்கும் சாய்வுமாகக் கொடுக்கப்பட்ட மாபெரும் உத்தரங்களைக் காணலாம். நான் காண வந்ததே அதைத்தான். அந்தப் படியின் தலையில் நின்றபோது முழங்கால் மடங்க மறுத்தது. அதற்குள் அது நன்றாக வீங்கியிருந்தது. ஒரு படி இறங்கிப் பார்த்தேன், வலியில் கண் இருட்டியது. பின்னால் ஒரு குடும்பம் இறங்கக் காத்திருந்தது. வழிவிட்டு ஒதுங்கி, பொது அறையின் சுவரோரம் நின்று அழுதேன். அத்தனை தொலைவு வந்து, அத்தனை ஆண்டுகள் நினைத்திருந்து, கடைசிப் பத்துப் படிகளில் தடைபட்டது இன்றும் ஆறவில்லை. மூட்டு வலி உள்ளவர்களும் வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களும் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். கப்பலைச் சுற்றியுள்ள காட்சி மாடங்களைச் சிரமமின்றிப் பார்க்கலாம். கப்பலுக்குள் இறங்குவதுதான் கடினம். உடலில் தெம்பு இருக்கும்போதே, வந்தவுடன், முதலில் அடித்தளம்வரை இறங்கிப் பார்த்துவிட்டு, பிறகு மாடங்களுக்கு வாருங்கள்.

மீதி நேரத்தை மாடங்களில் நொண்டியபடி கழித்தேன். ஸ்வெர்ட்ரூப் தலைமையில் 1898 முதல் 1902 வரை கனடாவின் வட தீவுகளை வரைபடமாக்கிய பயணமும், 1910இல் வடக்கே போவதாக உலகம் நம்பியிருக்க, மதேரா தீவில்தான் தன் ஆட்களிடம் தெற்கே போகிறோம் என்று அமுண்ட்சன் அறிவித்த பயணமும் அங்கே விரிவாக இருக்கின்றன. அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை அடைந்ததை எல்லோரும் நின்று படிக்கிறார்கள். யோஹான்சனின் கதை முன்னால் நிற்பவர்கள் குறைவு. அந்தத் தென் துருவப் பயணத்தில் உறைபனியில் உயிர் போகவிருந்த ஒரு தோழரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, தலைவரின் அவசரத்தை எதிரே நின்று கண்டித்ததால் துருவக் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 1913இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். லின்ட்ஸ்ட்ரோம் என்ற சமையற்காரரையும் தேடிப் பாருங்கள். ஸ்வெர்ட்ரூப்பின் பயணம், அமுண்ட்சனின் யோவா கப்பலின் பயணம், தென் துருவப் பயணம் என மூன்றிலும் சோறு போட்டவர் அவர்.

யோவா கப்பல் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. நிலத்தடி வழியாகவே அங்கு செல்லலாம், வெளியே வரத் தேவையில்லை. கனடாவின் வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குக் கடல்வழியை 1903க்கும் 1906க்கும் இடையில் முதன்முதலில் முழுதாகக் கடந்த கப்பல் அது. ஃபிராமைப் பார்த்துவிட்டு அதன் முன் நின்றால், ஏழு பேர் இவ்வளவு சிறிய மீன்பிடிக் கப்பலிலா போனார்கள் என்று தோன்றும். கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலங்கள் தங்கி, நெட்சிலிக் இன்யூட் மக்களிடம் தோலாடையும் நாய்வண்டியும் அமுண்ட்சன் கற்றுக்கொண்டதுதான் பின்னாளில் தென் துருவத்தில் கைகொடுத்தது. இதை அருங்காட்சியகம் மறைக்காமல் சொல்வது எனக்கு நிறைவளித்தது. அமுண்ட்சனின் மூன்றாவது கப்பலான மாவ்ட் இங்கே இல்லை. கனடாவின் கேம்பிரிட்ஜ் குடாவில் மூழ்கிக் கிடந்த அதன் உடலை 2018இல் நார்வேக்குக் கொண்டுவந்து, அது கட்டப்பட்ட வோலன் என்னும் ஊரில் சேர்த்தார்கள். அதையும் இதே பயணத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். ஃபிராமுக்கு மட்டும் குறைந்தது நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும் நேரம் வந்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கு நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். விடுதிக்குத் திரும்பியதும் வரவேற்பில் இருந்தவர் 116117 என்ற எண்ணை அழைக்கச் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத மருத்துவத் தேவைகளுக்கு நார்வே முழுவதும் இதுதான் எண்; ஆம்புலன்ஸ் தேவைப்படும் அளவுக்கு நிலைமை மோசமானால் 113. அவர்கள் சொன்ன மருத்துவ மையத்துக்குச் சென்று, படமெடுத்துப் பார்த்ததில் எலும்பு முறிவில்லை, தசைநார் பிசகியிருக்கிறது என்றார்கள். அந்நாட்டுக் காப்பீடு இல்லாதவர்கள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். நம் மதிப்பில் இருபதாயிரம் ரூபாயை நெருங்கியது. பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் மனம் சற்று நிதானப்பட்டது.

பணத்தைத் திரும்பப் பெற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அப்போது எனக்கு இதைச் சொல்ல யாருமில்லை. மருத்துவ மையத்தில் பணம் கட்டிய ரசீதோடு, நோயின் விவரம் எழுதிய அறிக்கையையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்தபின் அதை வரவழைப்பது பெரும்பாடு. அன்றிரவே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிவெண் பெற்றுக்கொண்டேன். பாலிசியில் என் பங்கு என்று குறித்திருந்த தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைச் சில மாதங்களில் தந்தார்கள். சீட்டு விற்ற இணையதளமோ, திரும்பப் பெற இயலாத சீட்டு என்ற ஒரே பதிலை மாறி மாறி அனுப்பியது. விற்ற சேவையே அந்தத் தேதியில் இல்லாதபோது அந்த நிபந்தனையைக் காட்டி நம்மை மடக்க முடியாது. கடன் அட்டை வழங்கிய வங்கியில், பணம் வாங்கிக்கொண்டு சேவை வழங்கவில்லை என்ற காரணத்தின்கீழ் முறையீடு கொடுத்தேன். அதற்கு மிகவும் உதவியவை மூன்று: படகு குளிர்காலத்தில் ஓடாது என்று துறையில் ஒட்டியிருந்த அறிவிப்பை அன்றே எடுத்த புகைப்படம், வைக்கிங் அருங்காட்சியகம் மூடியிருப்பதாக அதன் சொந்தத் தளத்தில் போட்டிருந்த அறிவிப்பின் நகல், ஃபிராம் வாசலில் நான் மறுபடி பணம் கட்டிய ரசீது. முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால் ஊர் திரும்பிய வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் இழுத்தடித்து, முழுத் தொகையும் என் கணக்குக்குத் திரும்பியது.